மூரோன்: பரிமளதைலத்துக்குப் பின்னால் இருக்கும் கிரேக்கச் சொல்

லூக்கா 7:46ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு அழைத்த சீமோன் என்ற பரிசேயனிடம் இயேசு சொல்கிறார்: "நீ என் தலையில் எண்ணெய் பூசவில்லை, இவளோ, என் பாதங்களில் பரிமளதைலம் பூசினாள்." எண்ணெயும் தைலமும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று நினைத்து வாசித்தால், தலைக்குப் பதிலாகக் காலில் பூசினாள் என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். கிரேக்க மூலத்தில் அங்கே இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது எலையோன், இரண்டாவது மூரோன். வசனத்தின் கூர்மை அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் இருக்கிறது.

மூரோனைப் பற்றி வேதபாடக் கூட்டங்களிலும் பிரசங்கங்களிலும் நிறையவே பேசுகிறோம். ஒருவர் அது வெள்ளைப்போளம் என்பார். இன்னொருவர் ராஜாக்களின் தலையில் ஊற்றிய அபிஷேக எண்ணெய் என்பார். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது "விலை உயர்ந்த சென்ட்" என்று சுருக்கிவிடுவோம். ஞாயிறு பள்ளியில் நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றுமே உண்மைக்குப் பக்கத்தில் வருகின்றன, ஆனால் அதைத் தொடவில்லை. கிரேக்கம் தெரியாதவர்களும் பின்தொடரும்படி, நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அடுப்பில் காயும் எண்ணெய்

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார். இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய். அதில் கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ, கொஞ்சம் வெந்தயம், கடைசியில் ஒரு கைப்பிடி வெட்டிவேர். அடுப்பு சிறுதீயில்தான் இருக்கும். "தீ கூடினா வாசமெல்லாம் ஆவியோட போயிரும்" என்பார். இலையின் சலசலப்பு அடங்கியதும் இறக்கி, மூடி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுவார். மறுநாள் காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் போத்தலில் ஊற்றுவார். துணியைப் பிழியும்போது கையில் படும் அந்தக் கரும்பச்சை எண்ணெயின் வாசம் சாயங்காலம் வரைக்கும் விரலில் இருக்கும்.

போத்தலில் இருப்பது இன்னமும் தேங்காய் எண்ணெய்தான். ஆனால் அதை எடுத்து யாரும் குழம்புக்குத் தாளிக்க மாட்டார்கள். உபயோகம் மாறிவிட்டது, மதிப்பு மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது.

எலையோனுக்கும் மூரோனுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். எலையோன் என்றால் சாதாரண ஒலிவ எண்ணெய். மூரோன் என்றால் எண்ணெயில் வேர், பட்டை, பிசின், பூ போன்ற வாசனைச் சரக்குகளைச் சேர்த்து, பக்குவமாக வாசம் ஏற்றித் தயாரித்த தைலம். ஒன்று செக்கிலிருந்து வருவது, மற்றொன்று தைலக்காரர் கையிலிருந்து வருவது.

நம் மொழியே வைக்கும் ஒரு சின்னக் குழி

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சிக்கல் உண்டு. 'எண்ணெய்' என்ற சொல் எள் நெய் என்பதிலிருந்து வந்தது. 'தைலம்' சமஸ்கிருதத்தில் எள்ளைக் குறிக்கும் 'தில' என்பதிலிருந்து வந்தது. ஆக, பிறப்பில் இரண்டும் எள்ளெண்ணெய்தான்! கிரேக்கத்திலும் எலையோன் ஒரு விளைபொருளிலிருந்தே வந்த பெயர். எலையா என்றால் ஒலிவமரம், ஒலிவப்பழம். நமக்கு எள், அவர்களுக்கு ஒலிவம். ஆனால் மூரோன் எந்த மரத்தின் பெயரும் இல்லை. அது ஒரு தயாரிப்பின் பெயர். அதன் வேர்ச்சொல் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது.

நம் வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பு 'தைலம்' என்ற சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறது. சாமுவேல் தாவீதை அபிஷேகம்பண்ண எடுத்தது 'தைலக்கொம்பு'. ஆனால் அந்த இடத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பது எலையோன். எபிரெயர் 1:9இல் வரும் 'ஆனந்ததைலம்' என்பதும் எலையோன்தான். அதனால் தமிழ் வேதாகமத்தில் தைலம் என்று கண்டவுடனே அது மூரோன் என்று முடிவுகட்ட முடியாது. 'பரிமளதைலம்' என்று வந்தால் மூரோனாக இருக்க வாய்ப்பு அதிகம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு லூக்கா 7:46இல் 'நறுமணத் தைலம்' என்று போட்டிருக்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளுமே அந்த வசனத்தில் எண்ணெயையும் தைலத்தையும் கவனமாகப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. வாசிக்கும் நாம்தான் சேர்த்துவிடுகிறோம்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: எலையோன் வெறும் எண்ணெய், மூரோன் வாசம் ஏற்றிய எண்ணெய்.

அதை எப்படிச் செய்தார்கள்?

இன்று நாம் தெளிக்கும் சென்ட்டுக்கு அடிப்படை ஆல்கஹால். தெளித்ததும் ஆல்கஹால் சட்டென்று பறந்துவிடும், வாசம் மட்டும் நிற்கும். இயேசுவின் காலத்து வாசனைத் தொழில் இப்படி நடக்கவில்லை. அன்று வாசத்தைச் சுமந்தது எண்ணெய். சென்ட் என்று சொல்வதில் தவறும் இடம் இதுதான். அதைத் தெளிக்க முடியாது. ஊற்ற வேண்டும், பூச வேண்டும், தேய்க்க வேண்டும், மிஞ்சினால் துடைக்க வேண்டும். சுவிசேஷங்களில் வரும் வினைச்சொற்களைப் பாருங்கள்: ஊற்றினாள், பூசினாள், தலைமயிரால் துடைத்தாள். அத்தனையும் எண்ணெயைக் கையாளும் சொற்கள்.

எண்ணெய் எதற்கு? வேரிலும் பட்டையிலும் இருக்கும் வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரில் எளிதில் கரையாதவை. எண்ணெயில் நன்றாகக் கரையும். இளஞ்சூட்டில் வைத்தால் அவை சரக்கை விட்டு எண்ணெய்க்குள் இறங்கும். உள்ளே போன பிறகு எண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூசியவுடன் உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சூடு அதிகமானால் எண்ணெயில் தங்க வேண்டிய வாசம் காற்றில் கலந்துவிடும். அம்மா சிறுதீயில் வைப்பது இதற்காகத்தான்.

அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃப்ராஸ்டஸ், கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 300 வருஷத்துக்கு முன்பே வாசனைகளைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். பாத்திரத்தை நேரடியாக நெருப்பில் வைக்காமல், தண்ணீருக்குள் நிறுத்திச் சூடேற்றுவார்கள் என்று அதில் சொல்கிறார். தைலத்துக்கு எந்த எண்ணெய் நல்லது என்றும் பேசுகிறார். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் நீண்ட நாள் தாங்குவதென்று அவர் உயர்வாகச் சொல்லும் எண்ணெய், நம் முருங்கையின் பாலைவன உறவான ஒரு மரத்தின் விதையிலிருந்து எடுத்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். சரக்கு சேர்ப்பதற்கு முன் எண்ணெயைத் துவர்ப்பான சரக்குகளோடு பக்குவப்படுத்தி, வாசம் பிடிக்க ஏற்றபடி ஆக்கும் ஒரு படியும் இருந்தது. அதற்குக் கிரேக்கத்தில் ஸ்டிப்சிஸ் என்று பெயர். துணிக்குச் சாயம் போடும் முன் கடுக்காய்த் தண்ணீரில் முக்குவார்களே, அந்த மாதிரி.

இந்தத் தொழிலைச் செய்தவருக்குக் கிரேக்கத்தில் மூரெப்சோஸ் என்று பெயர். மூரோன் என்பதோடு 'காய்ச்சு' என்ற வினை சேர்ந்து உண்டான சொல் அது. சொல்லப்போனால் 'தைலம் காய்ச்சுகிறவர்'. யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் 'பரிமளதைலக்காரன்' என்று தமிழில் வருகிறவர் இவர்தான். அங்கே கொடுக்கப்படும் செய்முறையைக் கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500. மொத்தம் 1,500 சேக்கல். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்தால் 16 கிலோவுக்கு மேல் சரக்கு! அதற்கு எண்ணெயோ ஒரு குடம், அதாவது சில லிட்டர்தான். அவ்வளவு சரக்கை அந்த எண்ணெயில் அப்படியே கொட்டினால் குழைந்த மண் மாதிரி ஆகிவிடும். இது எப்படி முடிந்திருக்கும் என்று பிற்காலத்து யூத ரபிகளே வாதாடியிருக்கிறார்கள். சரக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே எண்ணெயை ஊற்றி, வாசம் எண்ணெயில் ஏறியதும் மேலாக எடுத்துவிடுவார்கள் என்பது அவர்களில் ஒரு சாராரின் பதில். பக்குவம் தெரிந்த யாரோ சொன்ன பதில் அது என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளைப்போளம் வேறு, மூரோன் வேறு

அதிகமாக நடக்கும் குழப்பம் இதுதான். மூரோன் என்பதும் வெள்ளைப்போளத்தின் ஐரோப்பியப் பெயரான மிர் என்பதும் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பழைய காலத்திலேயே சிலர் அப்படி இணைத்துப் பார்த்ததும் உண்டு.

வெள்ளைப்போளம் ஒரு மரத்தின் பிசின். தென் அரேபியாவிலும் சோமாலியாப் பக்கத்திலும் வளரும் முள்மரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து, காய்ந்து, செம்பழுப்புக் கட்டியாக இறுகும். நாக்கில் வைத்தால் கசக்கும். எபிரெயத்தில் அதற்கு 'மோர்' என்ற பெயர், கசப்பு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அதற்கு ஸ்முர்னா என்ற தனிச் சொல் இருக்கிறது. சாஸ்திரிகள் பெத்லகேமுக்குக் கொண்டுவந்தது ஸ்முர்னா. நிக்கொதேமு கல்லறைக்குக் கொண்டுவந்த நூறு இராத்தல் கலவையில் இருந்ததும் ஸ்முர்னா. இந்த இடங்களில் மூரோன் என்ற சொல் வரவே இல்லை.

மல்லி விதைக்கும் சாம்பார்ப் பொடிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார்ப் பொடியில் மல்லி இருக்கும். அதற்காகச் சாம்பார்ப் பொடியை மல்லி என்று சொல்வோமா? மல்லி சரக்கு, சாம்பார்ப் பொடி தயாரிப்பு. அதேபோல ஒரு மூரோனில் வெள்ளைப்போளம் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். பெத்தானியா என்ற ஊரில் ஒரு பெண் இயேசுவுக்கு ஊற்றிய மூரோனுக்குப் பெயர் கொடுத்த சரக்கு வேறு.

நளதம்: இமயத்திலிருந்து பெத்தானியாவுக்கு

மாற்கு 14:3இலும் யோவான் 12:3இலும் அது 'நளதம்' என்னும் தைலம் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் நார்தோஸ். சமஸ்கிருத 'நலத'த்தோடு உறவுள்ள சொல். பொது மொழிபெயர்ப்பு 'இலாமிச்சை' என்று போடுகிறது. நறுமண வேர் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அது. ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுவது இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேல் வளரும் ஒரு சிறு செடியின் வேர்த்தண்டு. நாட்டு மருந்துக் கடையில் 'சடாமாஞ்சில்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

ஒருமுறை கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். சடை பின்னிய மாதிரி, பழுப்பு நார் போர்த்திய சின்னத் துண்டுகள். மோந்து பார்த்தால் ரோஜாவோ மல்லிகையோ நினைவுக்கு வராது. மழை பெய்து ஓய்ந்த காட்டு மண், பழைய மரப்பெட்டி, அதற்கு அடியில் லேசான இனிப்பு. கனமான வாசம், ஒரு சிட்டிகையைக் கசக்கினாலும் அறையை விட்டுச் சீக்கிரம் போகாது. "அந்த வீடு முழுவதும் தைலத்தின் பரிமளத்தினால் நிறைந்தது" என்று யோவான் எழுதியிருப்பதை அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்த நாளில்தான் அது மிகைப்படுத்திய வார்த்தை இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஒரு இராத்தல் என்பது ரோமர் எடையில் சுமார் 327 கிராம். அவ்வளவையும் ஒரே நேரத்தில் ஒரு வீட்டுக்குள் ஊற்றினால் என்ன ஆகும்!

இமயத்து வேர் மத்தியதரைக் கடலுக்குப் போன வழிகளில் ஒன்று நம் கடற்கரை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் பயணக் கையேடு, சேரநாட்டுப் பக்கத்துத் துறைமுகங்களில் மிளகோடும் முத்தோடும் கங்கைப் பகுதி நளதத்தையும் ஏற்றினார்கள் என்று சொல்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று முசிறி வணிகத்தைப் பற்றியது. அதில் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு கணக்கில் 60 பெட்டி கங்கை நளதம் வருகிறது. யவனர் பொன்னோடு வந்து கறியோடு (அதாவது மிளகோடு) திரும்பிய முசிறி என்று அகநானூறு பாடும் அதே முசிறிதான். பெத்தானியாவில் அந்தப் பெண் உடைத்த தைலப் பரணிக்குள் இருந்த வேர் இந்தக் கப்பல்வழியே போனதா, தரைவழியே போனதா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொருள் நம் கரையைத் தொட்டுப் போனது என்பது எழுத்தில் இருக்கிறது.

விலை ஏன் அவ்வளவு?

இமயத்து வேர், மாதக்கணக்கான பயணம், நல்ல எண்ணெய், கைதேர்ந்த காய்ச்சல். எல்லாம் சேர்ந்தால் விலை எங்கே போகும்? 300 பணத்துக்கு விற்றிருக்கலாம் என்று பெத்தானியாவில் இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் பேசுகிறார்கள். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே நாணயம், தெனாரியோன். ஓய்வுநாள்களை விட்டுக் கணக்கிட்டால் 300 பணம் என்பது ஒரு கூலிக்காரரின் ஏறக்குறைய ஒரு வருஷ உழைப்பு.

சுவிசேஷம் மிகைப்படுத்துகிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வெளியே ஒரு சாட்சி இருக்கிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, சில தைலங்கள் ஒரு இராத்தல் 400 தெனாரியோனுக்கு மேல் போகின்றன என்று குறைப்பட்டுக்கொள்கிறார். முத்தும் ரத்தினமும் வாரிசுக்குப் போகும், துணிமணி கொஞ்ச காலம் உழைக்கும், தைலமோ பூசிய நேரத்தோடு செத்துப்போகும். ஆடம்பரங்களிலேயே இதுதான் மிகவும் வீண் என்பது அவருடைய வாதம். "இந்தத் தைலத்தை இப்படி வீணாய்ச் செலவழிப்பதென்ன?" என்று மாற்கு 14:4இல் கேட்டவர்களும் இதையேதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கருமித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு கண் முன்னால் தரையில் வழிந்தோடினால் யாருக்கும் பதறத்தான் செய்யும்.

அப்புறம், பரணி. அதே பிளினி, தைலம் கெடாமல் இருக்க வெள்ளைக்கல் பாத்திரமே சிறந்தது என்று சொல்கிறார். குறுகிய கழுத்து, இறுக மூடிய வாய். தேவைக்குச் சொட்டுச் சொட்டாக எடுக்கலாம், மீதியை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். மாற்கு மட்டும் 'அதை உடைத்து' என்று எழுதுகிறார். கொஞ்சம் ஊற்றிவிட்டு மீதியைத் திரும்ப மூடி வைக்கும் வழியை அவள் விட்டுவைக்கவில்லை.

சுருக்கமாக: ஸ்முர்னா ஒரு பிசின், நார்தோஸ் ஒரு வேர், எலையோன் எண்ணெய். மூரோன் என்பது எண்ணெயும் சரக்கும் சேர்ந்து, காய்ச்சி, விலையேறி, கடைக்கு வந்த பண்டம்.

அப்படியானால் அபிஷேகம்?

மூரோன் என்ற சொல்லுக்குள்ளேயே பரிசுத்தம் இருப்பதாக ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால் அது அப்படி இல்லை என்று தெரியும். மொத்தம் 14 இடம் (சில பழைய பிரதிகளில் மத்தேயு 26:9இல் இன்னொன்றும் வரும்). அதில் 12 இடம் பெண்கள் இயேசுவுக்குத் தைலம் ஊற்றிய நிகழ்ச்சிகளைப் பற்றியது. ஒன்று லூக்கா 23:56, அடக்கத்துக்கான தயாரிப்பு. கடைசி ஒன்று வெளிப்படுத்தின விசேஷம் 18:13. அங்கே மகா பாபிலோனின் வியாபாரிகள் இனி விற்க முடியாத சரக்குகளின் பட்டியல் வருகிறது: இலவங்கப்பட்டை, தூபவர்க்கங்கள், தைலங்கள், சாம்பிராணி, திராட்சரசம், எண்ணெய், கோதுமை, கடைசியில் அடிமைகளும்கூட. அந்தப் பட்டியலில் மூரோனும் எலையோனும் தனித்தனி வரிசையில் நிற்கின்றன. சந்தைச் சாமான். பவுலின் நிருபங்களில் இந்தச் சொல் ஒரு தடவைகூட வருவதில்லை.

பூசுதல் என்பதற்கும் கிரேக்கத்தில் இரண்டு வினைகள் உண்டு. அலெய்ஃபோ என்பது கைகால்களில், தலையில் எண்ணெய் தேய்க்கும் அன்றாடப் பூச்சு. கிரியோ என்பது புதிய ஏற்பாட்டில் கடவுள் ஒருவரைப் பிரித்தெடுத்து அபிஷேகம்பண்ணுவது. கிறிஸ்து என்ற பட்டப்பெயர் அதிலிருந்துதான் பிறந்தது. லூக்கா 7இலும் யோவான் 12இலும் அந்தப் பெண்கள் செய்ததற்குப் போடப்பட்டிருக்கும் வினை அலெய்ஃபோ. "அவள் அவரை ராஜாவாக அபிஷேகம்பண்ணினாள்" என்று பிரசங்கம் செய்ய நினைக்கிறவர்கள் அதைக் காட்சியிலிருந்து சொல்லலாம். தலைமேல் ஊற்றியது பலருக்கும் தாவீதையும் சவுலையும் நினைவூட்டுகிறது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூரோன் என்ற சொல்லே அபிஷேகத்தைக் குறிக்கிறது என்று சொல்லக்கூடாது. சொல் அந்தப் பாரத்தைத் தாங்காது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தக் கோடுகள் கொஞ்சம் அழிந்துதான் இருக்கின்றன. யாத்திராகமம் 30:25 ஆசரிப்புக் கூடாரத்துப் பரிசுத்த அபிஷேக எண்ணெயை எலையோன் என்றும் சொல்கிறது, தைலக்காரர் பக்குவத்தில் செய்த மூரோன் என்றும் சொல்கிறது. ஆரோனுடைய தாடியில் வடியும் 'நல்ல தைலம்' கிரேக்கச் சங்கீதத்தில் மூரோன். உன்னதப்பாட்டில் 'ஊற்றுண்ட பரிமளதைலம்' என்று காதலனின் பெயரைச் சொல்லும் இடத்திலும் அதே சொல். ஆமோஸ் 6:6இல் ஏழைகளை மறந்து, உயர்ந்த மூரோன்களைப் பூசிக்கொண்டு விருந்தில் கிடப்பவர்களைத் தீர்க்கதரிசி கண்டிக்கும் இடத்திலும் அதே சொல்தான். அங்கே வினைகூட கிரியோ! ஆசாரியன், காதலன், சுகபோகி என்று மூன்று பேர் மேலும் அதே பண்டம். எதற்காகப் பயன்பட்டதோ அதுதான் அதைப் பரிசுத்தமாகவோ வீணாகவோ ஆக்கியது.

பிற்காலத் திருச்சபைதான் இந்தச் சந்தைச் சொல்லை எடுத்துத் தன் பீடத்தில் வைத்தது. 4ஆம் நூற்றாண்டில் எருசலேமில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் கொடுத்த போதனைகளில், அவர்கள்மேல் பூசப்பட்டது 'பரிசுத்த மூரோன்' என்று வருகிறது. கிழக்கத்திய சபைகளில் இன்றும் அதே பெயர். கேரளத்துச் சுரியானி சபைகளில் 'மூரோன்' என்று கேட்டிருப்பீர்கள். ஆர்மீனியத் திருச்சபையில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கொப்பரையில் மூலிகைகளும் பூக்களும் சேர்த்துக் காய்ச்சி, பழைய மூரோனில் மிச்சம் வைத்திருந்ததை அதோடு கலக்கிறார்கள். கத்தோலிக்க சபையில் பெரிய வியாழனை ஒட்டி ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மாவும் ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசின் கலந்ததுதான்; பொருளைப் பார்த்தால் அது ஒரு மூரோன். இந்த வழக்கம் அழகானது. ஆனால் 4ஆம் நூற்றாண்டின் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெத்தானியாவின் பரணிக்குள் ஊற்றினால், அங்கே நடந்தது தெரியாமல் போய்விடும்.

இனி அந்த வசனங்களை வாசிக்கலாம்

சரி, சீமோன் வீட்டுக்குத் திரும்புவோம். இயேசு அங்கே மூன்று ஜோடிகளை வரிசையாக வைக்கிறார். நீ கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, இவள் கண்ணீரால் நனைத்தாள். நீ முத்தம் தரவில்லை, இவள் என் பாதங்களை ஓயாமல் முத்தமிட்டாள். மூன்றாவதில் ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. தலை, எலையோன். பாதம், மூரோன். எல்லா வீட்டிலும் இருக்கும் எண்ணெய். விருந்தாளியின் தலைக்கு அதில் ஒரு கை வார்க்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. இவளோ, கையில் இருந்ததிலேயே விலை உயர்ந்ததை, தூசு படிந்த என் காலுக்குப் பூசினாள். பூசுதல் என்ற வினை இரண்டு பாதியிலும் ஒன்றே. பொருளும் இடமும்தான் தலைகீழாக நிற்கின்றன.

மாற்கு 14:8இல் இன்னொரு சின்ன விஷயம். பெத்தானியாவில் அந்தப் பெண் செய்ததை இயேசு தாமே ஒரு வினையால் குறிப்பிடுகிறார். அலெய்ஃபோவும் இல்லை, கிரியோவும் இல்லை. மூரிசோ, மூரோன் என்ற பெயரிலிருந்தே உண்டாக்கிய வினை, 'மூரோன் பூசுதல்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் அது வருகிறது. தம் அடக்கத்துக்காகத் தம் சரீரத்தில் தைலம் பூச அவள் 'முந்திக்கொண்டாள்' என்கிறார்.

முந்திக்கொண்டாள் என்பதன் அர்த்தம் லூக்கா 23ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஸ்திரீகள் 'கந்தவர்க்கங்களையும் பரிமளதைலங்களையும்' தயார் செய்தார்கள். கிரேக்கத்தில் அரோமாத்தா, மூரா. மூரா என்பது மூரோனின் பன்மை. ஓய்வுநாள் முழுதும் காத்திருந்துவிட்டு, வாரத்தின் முதல் நாள் விடியும்போதே அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். கல் புரட்டப்பட்டிருந்தது, பூச உள்ளே உடல் இல்லை. அவர்கள் கொண்டுபோன தைலம் அப்படியே பாத்திரத்தில் இருந்தது.